கலப்படம் செய்தால்தான் வேலை செய்யும்!

குட்டீஸ், பாலில் தண்ணீர் கலந்தால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. மிளகில் பப்பாளி விதையைக் கலந்து விற்றால் வழக்கே போடுவார்கள். ஆனால், கலப்படம் செய்யாவிட்டால் சிப் தயாரிக்க உதவாத பொருள் ஒன்று இருக்கிறது. அதில் சரியாகக் கலப்படம் செய்யத் தெரிந்த நாடுகளை உலகமே மரியாதையோடு பார்க்கிறது. தெரியாத நாடுகள் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவழித்துக் கற்றுக்கொள்ளப் பார்க்கின்றன. அந்தப் பொருள்தான் சிலிக்கான்!

2025 செப்டம்பர் 2-ஆம் தேதி, புதுடில்லியில் 'செமிகான் இந்தியா' மாநாடு நடந்தது. அங்கே மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், பிரதமர் நரேந்திர மோடியிடம் 'விக்ரம்' என்ற சிப்பைக் கொடுத்தார். 'இந்தியாவின் முதல் சிப்' என்று பலரும் எழுதினார்கள். குஜராத்தில் சிப் தொழிற்சாலை, அசாமில் சிப் தொழிற்சாலை என்ற செய்திகளும் அடிக்கடி வருகின்றன. எல்லாமே ஒரே மாதிரி தொழிற்சாலைகள்தானா? விக்ரம்தான் உண்மையிலேயே முதல் சிப்பா?

இதற்குப் பதில் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும். 'அங்கே கலப்படம் நடக்கிறதா?' என்று கேட்க வேண்டும். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்! ஆனால் முதலில் அது என்ன கலப்படம் என்று பார்த்துவிடுவோம்.

நான்கு கை சோம்பேறி

சிலிக்கான் அணு ஒவ்வொன்றுக்கும் நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியிருக்கும் நான்கு அணுக்களோடு நான்கு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு நிற்கிறது. இந்தக் கைகள்தான் எலக்ட்ரான்கள். எலக்ட்ரான் ஓடினால்தான் மின்சாரம். எல்லாக் கையும் கோத்துக்கொண்டு நின்றால் யார் ஓடுவது?

அறையின் வெப்பத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள் விடுபடும். எத்தனை தெரியுமா? ஒரு சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள சிலிக்கான் துண்டில், 5-க்குப் பின்னால் 22 பூஜ்யம் போட்டால் வரும் அளவுக்கு அணுக்கள் இருக்கின்றன. அதில் விடுபட்டு ஓடும் எலக்ட்ரான்கள் சுமார் 1000 கோடி. 'அவ்வளவா!' என்று வாயைப் பிளக்க வேண்டாம். வகுத்துப் பார்த்தால், 5 லட்சம் கோடி அணுக்களுக்கு ஒரே ஒரு எலக்ட்ரான்தான் வருகிறது. செம்பிலோ ஏறத்தாழ ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் எலக்ட்ரான் ஓடத் தயாராக இருக்கும். அதனால்தான் செம்பு நல்ல மின்கடத்தி. சுத்தமான சிலிக்கான் ஒரு சோம்பேறி.

இங்கேதான் கலப்படம் வருகிறது. பாஸ்பரஸ் அணுவுக்கு ஐந்து கைகள். சிலிக்கான் கூட்டத்துக்குள் ஒரு பாஸ்பரஸை நுழைத்தால், நான்கு கைகள் அக்கம்பக்கத்தோடு கோத்துக்கொள்ளும். ஐந்தாவது கைக்கு ஆள் இல்லை! அந்த எலக்ட்ரான் சுலபமாக விடுபட்டு ஓடிவிடும். இப்படிச் செய்யப்பட்ட சிலிக்கானுக்கு 'என்' வகை என்று பெயர்.

போரான் அணுவுக்கு மூன்று கைகள்தான். அதை நுழைத்தால் ஓர் இடம் காலியாக இருக்கும். வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு இடம் காலியானால் என்ன ஆகும்? இரண்டாவது பெஞ்சில் இருப்பவன் முன்னே வருவான். அவன் இடத்துக்கு மூன்றாவது பெஞ்சில் இருப்பவன் வருவான். கடைசியில் பார்த்தால் காலி இடமே முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு நடந்து போனது போல இருக்கும். அந்தக் காலி இடத்தைத் 'துளை' என்கிறார்கள். துளை நகர்ந்தாலும் மின்சாரம்தான். இது 'பி' வகை.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் டோப்பிங் என்று பெயர். உங்கள் அண்ணன், அக்காவின் பிளஸ் 2 இயற்பியல் புத்தகத்தில் 'மாசூட்டல்' என்று இருக்கும். (விளையாட்டு வீரர்கள் ஊக்கமருந்து சாப்பிட்டு மாட்டிக்கொள்வதற்கும் இதே ஆங்கிலப் பெயர்தான். அது வேறு கதை!)

எவ்வளவு கலக்க வேண்டும்? ஒரு சாதாரண அளவைப் பார்ப்போம். 50 லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு. நொடிக்கு ஓர் அணு வீதம் சாப்பிடாமல், தூங்காமல் எண்ணிக்கொண்டே போனால், 58 நாட்கள் ஆன பிறகுதான் ஒரு பாஸ்பரஸ் வரும். அத்தனை குறைவு! ஆனால் அதன் விளைவு? ஓடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை 10 லட்சம் மடங்கு கூடிவிடுகிறது.

குளமும் கரையும்

'சரி, ஏதோ கொஞ்சம் கலந்துவிட வேண்டியதுதானே' என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்.

சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டர் என்பது ஒரு மிகச் சிறிய சுவிட்ச். இரண்டு குளங்களைக் கற்பனை செய்யுங்கள். குளங்களில் தண்ணீருக்குப் பதில் எலக்ட்ரான்கள். அவை 'என்' வகை. நடுவில் ஒரு கரை. அது 'பி' வகை. கரைக்கு மேலே மதகு போல ஒரு 'கேட்' இருக்கிறது. கேட்டுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், கரையின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் திரண்டு பாதை உண்டாகும். ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு மின்சாரம் பாயும். மின்னழுத்தத்தை எடுத்துவிட்டால் பாதை அடைபடும். கம்ப்யூட்டரின் 1-ம் 0-வும் இந்தத் திறப்பும் அடைப்பும்தான்.

இப்போது கரையில் போரான் கொஞ்சம் கூடிவிட்டது என்று வையுங்கள். கரை உயர்ந்துவிடும். கேட் எவ்வளவு முயன்றாலும் பாதை திறக்காது. போரான் குறைந்துவிட்டால் கரை தாழ்ந்துவிடும். யாரும் திறக்காமலே மின்சாரம் கசியும். பேட்டரி சும்மா இருக்கும்போதே தீரும், சிப் சூடாகும். ஒரு சிப்பில் கோடிக்கணக்கான சுவிட்சுகள் இருக்கலாம். அத்தனையும் ஒரே மாதிரி திறந்து, ஒரே மாதிரி மூட வேண்டும். அதனால் கலப்படம் செய்வது மட்டும் போதாது. நினைத்த இடத்தில், நினைத்த ஆழத்தில், நினைத்த எண்ணிக்கையில் செய்ய வேண்டும்.

கணக்கு ஒன்று போடுவோம். சிப் தயாரிக்கும் வட்ட வில்லைக்கு 'வேஃபர்' என்று பெயர். இந்த வில்லைகளை வெட்டி எடுக்க, முதலில் சிலிக்கானை உருக்கி, உருளை போல் ஒரே படிகமாக வளர்க்கிறார்கள். பி வகை வில்லை வேண்டும் என்றால் உருக்கும்போதே போரானைச் சேர்த்துவிட வேண்டும். 100 கிலோ சிலிக்கானுக்கு எவ்வளவு போரான் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு! ஓர் அரிசியை 25 துண்டாக உடைத்தால், அதில் ஒரு துண்டின் எடைதான்.

இதை எப்படி அளந்து போடுவது? சமையலறையிலேயே பதில் இருக்கிறது. பெருங்காயக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து ரசத்தில் விடுவார்கள் அல்லவா? அதேதான். முதலில் போரான் அதிகமாகக் கலந்த சிலிக்கான் துண்டுகளைத் தனியாகத் தயாரிக்கிறார்கள். அந்தத் துண்டில் சிறிது எடுத்து, உருகிய சிலிக்கானில் போடுகிறார்கள்.

ஆனால் ரசத்தில் ஏற்கெனவே யாரோ பெருங்காயம் போட்டிருந்தால் உங்கள் அளவு என்ன ஆகும்? அதனால், கலப்படம் செய்வதற்கு முன் சிலிக்கானைத் துப்புரவாகச் சுத்தம் செய்ய வேண்டும். எவ்வளவு சுத்தம்? தரமான சிப்புக்கு 99.999999999 சதவீதம் வரை போகிறார்கள். எத்தனை 9 என்று எண்ணிப் பாருங்கள். முதலில் எல்லா மாசையும் நீக்கு, பிறகு ஒரு மாசை மட்டும் எண்ணிச் சேர்! வேடிக்கையான தொழில்தான்.

இந்தச் சுத்தம் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு ஓர் உதாரணம். சிப் தொழிற்சாலையில் காற்றிலுள்ள தூசியைப் பிடிக்க கண்ணாடி இழையால் ஆன வடிகட்டிகளை வைத்தார்கள். அந்தக் கண்ணாடியில் போரான் இருந்தது. சுத்தம் செய்ய வைத்த வடிகட்டியிலிருந்தே போரான் மெல்லக் கசிந்து வில்லைமேல் படிந்ததாம்! அப்புறம் வடிகட்டியின் பொருளையே மாற்ற வேண்டியதாயிற்று.

மூக்கு செய்த கண்டுபிடிப்பு

இந்தக் கலப்படத்தின் அருமை முதலில் தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர் சிலிக்கான் துண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டு மட்டும் விசித்திரமாக நடந்தது. அதன்மேல் விளக்கு வெளிச்சம் பட்டதும் சுமார் அரை வோல்ட் மின்னழுத்தம் எழுந்தது. துண்டின் ஒரு பக்கம் ஒரு குணம், இன்னொரு பக்கம் வேறு குணம். உருகிய சிலிக்கான் உறையும்போது அதிலிருந்த மாசுகள் தாமாகவே இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்தன. 'பி', 'என்' என்ற பெயர்கள் அப்போது வைக்கப்பட்டவைதான்.

ஆனால் 'என்' பக்கத்தில் இருந்த மாசு எது? அந்தக் காலத்து ரசாயனச் சோதனைகளில் ஒன்றும் பிடிபடவில்லை. அளவு அவ்வளவு குறைவு. ஓலின் சக ஊழியர்கள் ஜாக் ஸ்காஃப், ஹென்றி தியூரர் இருவரும் அந்தச் சிலிக்கானோடு வேலை செய்தபோது லேசாக ஒரு நாற்றம் வந்தது. எங்கோ முகர்ந்த நாற்றம்! கார்பைடு விளக்கில் வருமே, அந்த நாற்றம். (கார்பைடு விளக்கு தெரியாவிட்டால் தாத்தா, பாட்டியைக் கேளுங்கள்.) கார்பைடில் கலந்திருக்கும் பாஸ்பரஸ்தான் அந்த நாற்றத்துக்குக் காரணம். அப்படியானால் சிலிக்கானிலும் பாஸ்பரஸ்! கருவிகள் கண்டுபிடிக்காததை மூக்கு கண்டுபிடித்துவிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை இதுதான்.

இன்றைக்கு மூக்கை நம்ப முடியுமா? எண்ணியே போடுகிறார்கள். எப்படி என்று கேளுங்கள். பாஸ்பரஸ் அல்லது போரான் அணுக்களுக்கு மின்னூட்டம் கொடுத்து அயனிகளாக்குகிறார்கள். காந்தத்தின் நடுவே அவற்றைப் பாய்ச்சினால் எடை குறைந்தவை அதிகமாக வளையும், எடை கூடியவை குறைவாக வளையும். வேண்டிய எடை உள்ளவை மட்டும் ஒரு சிறிய சந்து வழியாக வெளியே வரும். பிறகு ஆயிரக்கணக்கான, சில சமயம் லட்சக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தில் வேகம் கூட்டி, சிலிக்கான் வில்லைமீது துப்பாக்கிக் குண்டு போலச் சுடுகிறார்கள். வேகம் கூடினால் ஆழமாகப் போய் உட்காரும், குறைந்தால் மேலாக நிற்கும்.

எத்தனை அயனி போயிற்று என்று எப்படித் தெரியும்? ஒவ்வோர் அயனியும் ஒரே அளவு மின்னூட்டம் சுமந்து போகிறது. அதனால் வில்லைக்குள் பாயும் மின்னோட்டத்தை அளந்தாலே போதும், எண்ணிக்கை வந்துவிடும். பஸ்ஸில் எல்லாருக்கும் ஒரே டிக்கெட் விலை என்றால், வசூலான பணத்தை வைத்து எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்லிவிடலாமே, அது போல!

வில்லை முழுக்கச் சுடக் கூடாதே, குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தானே வேண்டும்? கோல அச்சு பார்த்திருப்பீர்கள். ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் மாவு விழும். அது போல, வேண்டாத இடங்களை ஒரு பூச்சால் மூடிவிட்டுச் சுடுகிறார்கள். குண்டு பாய்ந்ததில் படிகம் கலைந்துபோயிருக்கும். சுமார் 1000 டிகிரி வெப்பத்தில் சற்று நேரம் சூடாக்கினால், கலைந்த அணுக்கள் மறுபடி ஒழுங்காக வரிசையில் நிற்கும். புதிதாக வந்த விருந்தாளி அணுவுக்கும் வரிசையில் இடம் கிடைக்கும். இடம் கிடைத்தால்தான் அது வேலை செய்யும்.

எந்த அயனி, என்ன வேகம், எத்தனை, எவ்வளவு நேரம் சூடு... இந்தச் சமையல் குறிப்புதான் ஒரு சிப் கம்பெனியின் ரகசியம். போரானும் பாஸ்பரஸும் உலகில் தட்டுப்பாடான பொருட்கள் இல்லை. குறிப்புதான் கிடைக்காது.

இனி செய்திக்கு வருவோம்

விக்ரம் சிப்பின் முழுப் பெயர் விக்ரம் 3201. திருவனந்தபுரத்தில் இருக்கும் இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும், பஞ்சாபில் மொகாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வுக்கூடமும் சேர்ந்து உருவாக்கியது. மொகாலியிலேயே, சிலிக்கான் வில்லையில் மாசூட்டல் செய்து தயாரித்தார்கள். மைனஸ் 55 டிகிரி குளிரிலிருந்து 125 டிகிரி சூடு வரை தாங்கும். 2024 டிசம்பர் 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் அனுப்பி, விண்வெளியில் சோதித்தும் பார்த்தார்கள். ஆகவே, நம் கேள்விக்கு இங்கே பதில் 'ஆமாம், கலப்படம் நடக்கிறது!'

ஆனால் 'முதல் சிப்' என்பது சரியில்லை. ராக்கெட்டின் கடுமையான சூழலுக்கென முழுக்க இந்தியாவில் தயாரான முதல் 32 பிட் மைக்ரோபிராசசர் என்பதுதான் சரி. மொகாலியில் சிப் தயாரிப்பு 1984-லேயே தொடங்கிவிட்டது! இன்று உலகின் மிகப் பெரிய ஒப்பந்த சிப் தயாரிப்பாளரான தைவானின் டி.எஸ்.எம்.சி. கம்பெனி அப்போது பிறக்கவே இல்லை. அது 1987-இல்தான் வந்தது. பிறகு ஏன் நாம் பின்தங்கினோம்? 1989 பிப்ரவரியில் மொகாலி தொழிற்சாலையில் பெரும் தீ. தயாரிப்பு வசதி எரிந்துபோனது. மறுபடி எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆயின. சிப் உலகில் பல ஆண்டுகள் என்பது ஒரு யுகம். தீ மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். எரிந்ததை உடனே பெரிதாகக் கட்டியெழுப்ப முதலீடு வராததும் காரணம்தான்.

விக்ரம் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் ஆனது. உயர்ரக செல்போன் சிப்புகள் இதைவிட மிக மிக நுண்ணியவை. அதனால் விக்ரமை மட்டம் என்று நினைக்க வேண்டாம். ராக்கெட்டுக்குத் தேவை நம்பகம், நுண்மை அல்ல.

அசாமின் ஜாகிரோடு என்ற ஊரில் டாட்டா நிறுவனம் 27,000 கோடி ரூபாயில் அமைக்கும் தொழிற்சாலையும், குஜராத்தின் சானந்தில் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் 2023-இல் அறிவித்த தொழிற்சாலையும் வேறு வகை. அங்கே மாசூட்டல் நடக்காது. ஏற்கெனவே கலப்படம் முடிந்து வந்த வில்லைகளைத் துண்டுகளாக வெட்டி, கம்பிகள் இணைத்து, கருப்பு உறை போட்டு, சோதித்து அனுப்புவார்கள். இதற்கு 'பேக்கேஜிங்' என்று பெயர். 2025 ஆகஸ்ட் வரை மத்திய அரசு ஒப்புதல் அளித்த 10 திட்டங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதுவும் லேசான வேலை அல்ல; நிறைய பேருக்கு வேலை கிடைக்கும். ஆனால் சிப்பின் குணத்தைத் தீர்மானிக்கும் அந்தக் கலப்படம் வேறு நாட்டில் முடிந்திருக்கும். அந்த நாடு வில்லை அனுப்பாவிட்டால் இங்கே வெட்ட எதுவும் இருக்காது.

குஜராத்தின் தொலேரா மட்டும் பெரிய விதிவிலக்கு. டாட்டா நிறுவனம் தைவானின் பி.எஸ்.எம்.சி. கம்பெனியோடு சேர்ந்து அமைக்கும் 91,000 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. மாதம் 50,000 வில்லைகள் வரை அங்கே மாசூட்டிச் சிப்பாக்குவது திட்டம். அசாம் திட்டத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் செலவு! தைவான் கம்பெனி எதற்கு? அந்தச் சமையல் குறிப்புக்காகத்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கலப்படம் உண்டா? உண்டு! திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் டாட்டா பவர் நிறுவனத்தின் தொழிற்சாலையில் 2024-இல் சூரிய மின்கலத் தயாரிப்பு தொடங்கியது. சூரிய மின்கலமும் 'பி'யும் 'என்'னும் ஒட்டிய சிலிக்கான்தான். ரஸ்ஸல் ஓலின் அந்த விசித்திரத் துண்டு ஞாபகம் இருக்கிறதா? அதன் பேரப்பிள்ளைகள்! சிப் அளவுக்கு நுணுக்கம் இங்கே தேவையில்லை. கோடிக்கணக்கான புள்ளிகளில் அல்லாமல் வில்லை முழுக்கப் பரவலாக மாசூட்டினால் போதும்.

இனிமேல் 'சிப் தொழிற்சாலை' என்று செய்தி வந்தால், உற்பத்தி அளவை எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அசாம் திட்டத்துக்கு 'நாளொன்றுக்கு 4.8 கோடி சிப்' என்றார்கள். அப்படி நாள் கணக்கில் சிப் என்று இருந்தால் பெரும்பாலும் பேக்கேஜிங். 'மாதத்துக்கு இத்தனை வில்லை' என்று இருந்தால் மாசூட்டல் நடக்கும் இடமாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால், உத்தரப் பிரதேசத்தின் ஜேவரில் எச்.சி.எல்.-ஃபாக்ஸ்கான் அமைக்க 2025 மே மாதம் ஒப்புதல் கிடைத்த தொழிற்சாலைக்கும் 'மாதம் 20,000 வில்லைகள்' என்றுதான் அறிவித்தார்கள். அது பேக்கேஜிங் தொழிற்சாலை. அந்த 20,000 வில்லைகளும் வேறெங்கோ கலப்படம் முடிந்து வந்து இறங்குபவை.